கணிப்பொறிக்குத் தமிழ் வராதா?

காஞ்சி என்றதும் கோயிலும் பட்டும் நினைவுக்கு வருவது இயல்பு. எனக்கோ சென்ற ஆண்டு முதல் ஒரு கேள்விக்குறி வரிசையும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. நெசவுத் தொழிலாளியான என் தந்தைக்காக ஓரிடத்தில் விண்ணப்பம் ஒன்றைக் கணிப்பொறியில் பதிவு செய்தோம். அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் தமிழிலேயே தட்டெழுதினேன். அச்சாகி வந்த தாளில் அந்த இரண்டு இடங்களிலும் கேள்விக்குறிகளே நின்றன. "கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது தம்பி, இங்கிலீஷிலேயே அடித்துவிடு" என்றார் அங்கிருந்தவர். அப்படியே செய்தேன். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் தந்தை, புதிய தாளில் தம் பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

கணிப்பொறிக்குத் தமிழ் வராது என்பது உண்மையா? இல்லை என்பதே என் வாதம். குற்றம் தமிழினுடையதும் அன்று, பொறியினுடையதும் அன்று. அதை அமைத்தவர் எழுதாமல் விட்ட ஓரிரு வரிகளே குற்றம்.

இணையத்தில் நாம் நிரப்பும் படிவங்களுள் பல, ஜாவா மொழியில் எழுதப்பெற்ற நிரல்களால் இயங்குகின்றன. அந்நிரல்களைத் தன்மேல் ஏற்றி, வருவோர்க்கெல்லாம் விடை அனுப்புவது சர்வர் மென்பொருள். அவற்றுள் பெயர்பெற்றது டாம்கேட். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் பிறந்து, 1999-இல் அப்பாச்சி அமைப்பின் கைக்கு வந்த அது, விலையின்றிக் கிடைப்பது; அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம். நிறுவுவதற்கு அரைமணி நேரம் போதும்; 8080 என்னும் வாயிலில் ஓடத் தொடங்கிவிடும். நாம் ஏமாறுவதும் அங்கேதான். ஓடுகிறது என்பது வேறு. நமக்கேற்ப ஓடுகிறது என்பது வேறு.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தியன்று. நெய்வது பிறகு, முதலில் பாவு. பாவில் இழை தவறினால், எவ்வளவு திறமையாக நாடா ஓட்டினாலும் சேலை நெடுகிலும் அந்தக் குறை தொடர்ந்து வரும். சர்வரை அமைப்பதும் பாவு போடுவது போன்றதே.

நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'காஞ்சிபுரம்' என்பதில் நம் கணக்கில் 6 எழுத்துகள். 1991 முதல் தமிழுக்கு இடம் தந்துள்ள யூனிகோடு முறையில் அது 11 குறியீடுகள். துணைக்காலும் புள்ளியும் கொக்கிகளும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். யு.டி.எஃப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பெறும். ஆக 33 பைட்டுகள் கம்பி வழியே சர்வரைச் சென்றடைகின்றன. இப்போது சர்வர் அவற்றை எந்த முறையில் படிக்க வேண்டும்? ஜாவா சர்வர்களுக்கான பழைய விதி, எதுவும் சொல்லப்படாவிட்டால் மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான ஐ.எஸ்.ஓ-8859-1 முறையில் படி என்பது. அம்முறையில் பைட்டு ஒன்றுக்கு ஓர் எழுத்து. ஆகவே நம் ஊர், கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததுமான 33 பொருளற்ற குறிகளாகிவிடுகிறது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நண்பர்களோடு சேர்ந்து டாம்கேட்டை நிறுவிப் பார்த்தபோது எங்களுக்கும் இதுவே நேர்ந்தது. வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில், வரும் எழுத்துகளை யு.டி.எஃப்-8 ஆகப் படி என்று ஒரு வரி சேர்த்தோம். குப்பை மறைந்தது, ஆனால் அதன் இடத்தில் 11 கேள்விக்குறிகள் வந்தன! சர்வர் சரியாகப் படித்துவிட்டது. தரவுத்தளத்துக்குச் செல்லும் இணைப்பும் அங்கிருந்த அட்டவணையும் லத்தீன் எழுத்துக்காக அமைக்கப்பட்டிருந்தன. அங்கே இடமில்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி வைக்கப்பட்டது. அவ்விரண்டையும் மாற்றிய பிறகு காஞ்சிபுரம் காஞ்சிபுரமாகவே திரும்பி வந்தது.

இதிலிருந்து நாங்கள் கற்றது ஒன்றுண்டு. குப்பைக் குறிகள் தெரிந்தால் பெரும்பாலும் பைட்டுகள் அழியவில்லை. முறையை மாற்றிப் படித்து மீட்கலாம். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் மூலம் போனது போனதே. எந்த வல்லுநராலும் அதிலிருந்து ஒரு மனிதனின் பெயரைத் திரும்ப எடுக்க இயலாது.

"இவையெல்லாம் பழங்கதை, புதிய பதிப்புகள் தாமே சரிசெய்துகொள்கின்றன" என்று சில நண்பர்கள் கூறலாம். ஓரளவு உண்மையே. முகவரி வரியில் வரும் எழுத்துகளை யு.டி.எஃப்-8 ஆகப் படிப்பதை டாம்கேட் 8-ஆம் பதிப்பு 2014-இல் இயல்பாக்கியது. ஜாவாவே 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான் எங்கும் யு.டி.எஃப்-8 என்பதை இயல்பாக ஏற்றது. ஆனால் ஜாவா பிறந்தது 1995-இல் என்பதை எண்ணிப் பாருங்கள். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் நிறுவப்பட்டவை எல்லாம் ஒரே இரவில் மாறிவிடுமா? ஒருமுறை ஓடத் தொடங்கிய சர்வரைத் தொட எவருக்கும் மனம் வருவதில்லை.

மேலும், வந்தபடியே விட்டுவிடுவதன் கேடு மொழியோடு நிற்பதன்று. 2020 பிப்ரவரியில் 'கோஸ்ட்கேட்' எனப் பெயரிடப்பட்ட குறையொன்று வெளியாயிற்று. டாம்கேட்டில் 8009 என்ற இன்னொரு வாயிலும் நாம் கேளாமலேயே திறந்திருந்தது. அதை எட்ட முடிந்த அயலார், நிரலின் உள்ளிருக்கும் கோப்புகளைப் படிக்க இயன்றது. 9-ஆம் வரிசையில் 9.0.31 பதிப்பு முதல்தான் அவ்வாயில் இயல்பாக மூடப்பட்டது. சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, தமக்கு வேண்டாத வாயிலை முன்னரே அடைத்து வைத்தவர்க்கு இதனால் அச்சமில்லை. பிறர் நமக்காகச் செய்த முடிவே இயல்பமைப்பு என்பது. செய்தவர்க்கு நம் ஊரும் தெரியாது, நம் எழுத்தும் தெரியாது.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் முன் ஒரு விண்ணப்பம். ஜாவாவில் நிரல் எழுதக் கற்பிக்கிறோம். அதை ஏற்றி நடத்தும் சர்வரை அமைக்கவும் செய்முறை வகுப்பில் இடம் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அதை நிறுவி, அமைப்புக் கோப்புகளைப் படித்து, வேண்டாத வாயில்களை அடைத்து, பதிவேட்டில் எழும் பிழைச் செய்திகளை வாசித்துப் பழக வேண்டும். இறுதித் தேர்வாக ஒரு தமிழ்ப் பெயரை உள்ளிட்டு, அது மாறாமல் திரும்பி வருகிறதா என்று காட்ட வேண்டும். சோதனைக்குரிய சொற்களைத் தமிழ்த்துறை நண்பர்கள் தரட்டும். ஸ்ரீயும் ஃப்பும் ஔவும் நிறைந்த சொற்களாகவே தரட்டும்! இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பெரும்பொருள் வேண்டாம். இருக்கும் கணிப்பொறிகளே போதும்.

தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடு முறையையும் டேஸ்-16 முறையையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆணை பிறப்பது தலைநகரில். நிறைவேறுவது எங்கோ ஒரு கோப்பில் எழுதப்படும் ஒரு வரியில். அந்த வரியை எழுதத் தெரிந்தவர்கள் இக்கல்லூரியிலிருந்து புறப்பட வேண்டும். அப்போது, தம் பெயர் சரியாக இருக்கிறதா என்று மகனிடம் கேட்க வேண்டிய நிலை எந்தத் தந்தைக்கும் வராது. அவரே படித்துக்கொள்வார்.