பாகப்பிரிவினைக் கணக்கும் இயற்கணிதப் பாடமும்





நம் சமுதாயத்தின் கல்வி விழிப்புணர்வுக் கூட்டங்களில் தவறாமல் ஒலிக்கும் பெயர் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி. இயற்கணிதத்தை உலகுக்கு அளித்தவர் நம்மவர் என்று பேச்சாளர் பெருமிதத்துடன் கூறுவார். கூட்டம் மகிழ்ச்சியில் தக்பீர் முழங்கும். அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் பத்தாம் வகுப்பு மாணவியோ, மறுநாள் தேர்வில் வரவிருக்கும் இருபடிச் சமன்பாட்டை எண்ணி உள்ளூர நடுங்கிக்கொண்டிருப்பாள். முன்னோரின் புகழைக் கேட்பதால் அவளுடைய ஒரு கணக்கும் தீர்வதில்லை. இயற்கணிதப் பயிற்சிக்கு நம் மதரஸாக்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

மார்க்கக் கல்விக்கே நேரம் போதாத நிலையில் பள்ளிக்கூடப் பாடத்தை இங்கே கொண்டுவருவது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அல்குவாரிஸ்மியின் நூல் எதற்காக எழுதப்பட்டது என்பதை அறிந்தால் விடை கிடைத்துவிடும். கலீஃபா மஃமூனின் ஆட்சிக்காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த அவர், 'அல்ஜப்ர் வல்முகாபலா' பற்றிய தம் நூலை வாரிசுரிமை, மரண சாசனம், சொத்துப் பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளுக்காக எழுதுவதாக முன்னுரையிலேயே குறிப்பிடுகிறார். நூலின் ஏறத்தாழப் பாதிப் பகுதி வஸிய்யத், மீராஸ் கணக்குகளே. மேடைகளில் அவர் பெயரைச் சொல்லும் நாம் இந்தப் பாதியைப் பற்றிப் பேசுவதே இல்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில், கொடுக்கல் வாங்கலுக்கும் வஸிய்யத், வாரிசுச் சொத்துகளைப் பிரிப்பதற்கும் தேவைப்படுவதால் கணக்கு அறிவை ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்துள்ளார்கள். ஆகவே இயற்கணிதம் மதரஸாவுக்கு அந்நியமானதன்று.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் வழியை அல்குவாரிஸ்மிக்கு முன்பே பாபிலோனியர் அறிந்திருந்தனர். இந்தியாவில் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே அது பற்றி எழுதியிருக்கிறார். இந்திய எண்முறையைக் கற்று அரபுலகுக்கு விளக்கியவர்களுள் அல்குவாரிஸ்மியும் ஒருவர். பிறரிடம் கற்பதை அவர் இழிவாகக் கருதவில்லை. கற்றதை ஒழுங்குபடுத்தி, காரணம் காட்டி, மக்களின் தேவைக்குப் பயன்படும்படி தந்ததே அவருடைய சிறப்பு. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதும் இதுதான்.

இனி வகுப்பறைக்கு வருவோம். இயற்கணிதத்தைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுவதற்கு முதற்காரணம், எண்கள் இருந்த இடத்தில் திடீரென்று ஓர் எழுத்து வந்து அமர்வதுதான். அல்குவாரிஸ்மியின் நூலில் எழுத்துக் குறியீடுகளே கிடையாது. தெரியாத அளவை 'ஷைஉ', அதாவது 'ஒரு பொருள்' என்றே சொற்களால் குறித்தார். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம். இரண்டு தட்டுகள் கொண்ட ஒரு சாதாரணத் தராசு போதும். ஒரு தட்டில் ஒரே எண்ணிக்கையில் கோலிக்குண்டுகளை மறைத்து வைத்த இரண்டு மெல்லிய பைகளையும் மூன்று குண்டுகளையும் வையுங்கள். மறுதட்டில் பதினொரு குண்டுகள். தராசு சமமாக நிற்கும். பைக்குள் எத்தனை குண்டுகள் என்று கேளுங்கள். இரு தட்டுகளிலிருந்தும் மும்மூன்று குண்டுகளைப் பிள்ளைகளே எடுத்துவிடுவார்கள். எஞ்சிய எட்டு, பைக்கு நான்காகப் பிரியும். சமன்பாடு என்ற சொல்லைச் சொல்வதற்கு முன்பே சமன்பாட்டைத் தீர்த்துவிட்டார்கள்.

'மறுபுறம் போனால் குறி மாறும்' என்று மனனம் செய்யும் பிள்ளைகளுக்கு, அது ஏன் மாறுகிறது என்பது தெரிவதில்லை. அல்ஜப்ர் என்பதற்கு முறிந்ததைச் சேர்த்துச் சீராக்குதல் என்பது பொருள். பத்திலிருந்து ஒரு பொருளைக் கழித்தால் நான்கு என்று வைத்துக்கொள்வோம். கழிக்கப்பட்ட அந்தப் பொருளை இருபுறமும் கூட்டினால், பத்து என்பது நான்கும் ஒரு பொருளும் சேர்ந்தது என்றாகும், குறைபட்டது நிறைவாயிற்று. இது அல்ஜப்ர். இருபுறமும் நான்கை நீக்கினால் பொருள் ஆறு என்று வரும். இது அல்முகாபலா, எதிரெதிரே வைத்து ஈடு செய்தல். 'மறுபுறம் போதல்' என்று ஒன்றில்லை. இருபுறமும் ஒன்றையே செய்கிறோம் என்பது பிள்ளைக்கு விளங்கிவிட்டால் குறிப்பிழைகள் பெருமளவு குறையும்.

அடுத்து வாரிசுரிமை. ஒருவர் மனைவியையும் இரு மகன்களையும் ஒரு மகளையும் விட்டுச் செல்கிறார். கடனும் வஸிய்யத்தும் நீங்கிய சொத்து 16 லட்சம் ரூபாய். ஸூரத்துன் நிஸாவின் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மகளின் பங்கை 'ப' என்று கொண்டால், ப + 2ப + 2ப = 14 லட்சம். மகளுக்கு 2,80,000, ஒவ்வொரு மகனுக்கும் 5,60,000, மனைவிக்கு 2,00,000. நான்கு பேரின் தொகையையும் கூட்டினால் 16 லட்சம் வரவேண்டும். இனி கேள்வியைத் தலைகீழாக்குங்கள்: இதே குடும்பத்தில் மகளுக்கு 3,50,000 கிடைத்தது என்றால் மொத்தச் சொத்து எவ்வளவு? ஐந்து பங்குகள் 17,50,000. அது சொத்தில் எட்டில் ஏழு. ஆகவே சொத்து 20 லட்சம். பங்கு பிரிக்க மட்டுமே அறிந்த பிள்ளை இங்கே தயங்கும். தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிச் செல்லும் பழக்கம் இத்தகைய கேள்விகளால்தான் வளரும்.

உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு வஸிய்யத் கணக்கு ஏற்றது. ஒருவருக்கு மகன்கள் மட்டுமே வாரிசுகள். ஒரு மகனுக்குக் கிடைக்கும் அளவை, வாரிசல்லாத ஓர் அனாதைக்கும் வழங்குமாறு அவர் சாசனம் செய்கிறார். வஸிய்யத் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். மூன்று மகன்கள் இருந்தால் அனாதைக்கு நான்கில் ஒன்று, செல்லும். இரு மகன்கள் என்றால் சரியாக மூன்றில் ஒன்று, அதுவும் செல்லும். ஒரே மகன் என்றால் பாதியாகிவிடும். வாரிசின் சம்மதமின்றி மூன்றில் ஒன்றுக்கு மேல் செல்லாது. மகன்களின் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தால் சாசனம் முழுமையாகச் செல்லும் என்று கேட்டால், பிள்ளைகள் ஓர் அசமன்பாட்டை அமைத்தே ஆகவேண்டும்.

பின்னங்களில் பயிற்சிக்கு 'அவ்ல்' கணக்கு இருக்கிறது. கணவரும் இரண்டு உடன்பிறந்த சகோதரிகளும் வாரிசுகள் என்றால் பாதியும் மூன்றில் இரண்டும் சேர்ந்து ஆறில் ஏழாகி, முழுமையை மிஞ்சிவிடுகின்றன. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் இத்தகைய சிக்கல் எழுந்தபோது நபித்தோழர்களைக் கலந்தாலோசித்து, அனைவரின் பங்கும் விகிதப்படி குறையுமாறு தீர்த்தார்கள். ஆறு ஏழாகிறது, கணவருக்கு ஏழில் மூன்று, சகோதரிகளுக்கு ஏழில் நான்கு. விகிதம் என்பது நீதியின் கருவி என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்ட முடியாது.

இருபடிச் சமன்பாட்டுக்கு அட்டையும் கத்தரிக்கோலும் போதும். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39. இது அல்குவாரிஸ்மியின் நூலிலேயே உள்ள புகழ்பெற்ற கணக்கு. தெரியாத எண்ணைப் பக்கமாகக் கொண்ட ஒரு சதுரத்தை வெட்டுங்கள். பத்து மடங்கை இரண்டாகப் பிரித்து, ஐந்து அலகு அகலமுள்ள இரு செவ்வகங்களாகச் சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுங்கள். மூலையில் ஒரு சிறு சதுரம் குறைபட்டு நிற்கும். அதன் பரப்பு 25. அதை நிரப்பினால் 39-உம் 25-உம் சேர்ந்து 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஐந்தைக் கழித்தால் 3. பள்ளிப் பாடநூல் 'வர்க்கப் பூர்த்தி' என்று சொல்வதைப் பிள்ளை தன் கையாலேயே பூர்த்தி செய்துவிட்டது. நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் அல்குவாரிஸ்மி 3-உடன் நிறுத்தினார். இன்றைய தேர்வு −13 என்ற மற்றொரு மூலத்தையும் கேட்கும். இதையும் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிடில் மதிப்பெண் போய்விடும்.

மீள்பார்வைக்குச் சிறு அட்டைகள் தயாரிக்கலாம். அட்டையின் ஒருபுறம் குடும்ப நிலை அல்லது வணிக நிலை; மறுபுறம் நான்கு வரிகள்: தெரியாதது எது? சமன்பாடு யாது? தீர்வு என்ன? சரிபார்த்தாயா? விடையை அட்டையில் எழுத வேண்டாம். பங்குகளின் கூட்டுத்தொகை சொத்துக்குச் சமமாக இருந்தால், கூட்டலும் வகுத்தலும் பிழையில்லை என்பதைப் பிள்ளையே அறிந்துகொள்ளும்.

இதனோடு 'பிழை தேடும் தாள்' ஒன்றும் வேண்டும். தவறாகச் செய்யப்பட்ட கணக்கைக் கொடுத்து, தவறு எந்த வரியில் என்று கண்டுபிடிக்கச் சொல்வது அது. எடுத்துக்காட்டாக, ஜகாத் கொடுத்த பின் ஒரு வணிகரிடம் 39 லட்சம் எஞ்சியது. கொடுத்த ஜகாத் எவ்வளவு? 39 லட்சத்துக்கு இரண்டரை சதவீதம் கணக்கிட்டு 97,500 என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பார்வைக்குச் சரிபோலத் தோன்றும். ஆனால் இரண்டரை சதவீதம் கணக்கிடப்பட வேண்டியது மூலத் தொகைக்கே அன்றி எஞ்சிய தொகைக்கு அன்று. எஞ்சியது நாற்பதில் முப்பத்தொன்பது. மூலத் தொகை 40 லட்சம். ஜகாத் ஒரு லட்சம். அந்த 2,500 ரூபாய் ஓர் ஏழையின் ஹக்.

கணக்கு தெரியாத ஆலிம் இதை எப்படி நடத்துவார் என்ற தயக்கம் வேண்டாம். நம் மஹல்லாக்களில் கணிதப் பட்டம் பெற்றுவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகள் எத்தனையோ பேர். உஸ்தாத் மார்க்கச் சட்டத்தை விளக்கட்டும். அவர்கள் கணக்கின் படிகளைத் திருத்தட்டும். வகுப்பறைக் கணக்குகள் எளிமையாக்கப்பட்டவை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவைக்க வேண்டும். பெற்றோர் உயிருடன் இருந்தாலோ வேறு வாரிசுகள் இருந்தாலோ பங்குகள் மாறும். உண்மையான பாகப்பிரிவினைக்குத் தகுதியுள்ள ஆலிமிடமே செல்ல வேண்டும்.

இதில் தேர்வு மதிப்பெண்ணைவிடப் பெரிய ஒன்றும் அடங்கியிருக்கிறது. தந்தை மவ்த்தான பின், அண்ணன்மார் 'உனக்கு நகை போட்டு நிக்காஹ் செய்து கொடுத்தாயிற்று' என்று சொல்லி, தங்கையிடம் ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் அவலம் நம் வீடுகளில் நடப்பதை யாரும் மறுக்க முடியாது. அல்லாஹ் அவளுக்கென நிர்ணயித்த பங்கு எவ்வளவு என்பது அவளுக்கே தெரிவதில்லை, கேட்கவும் கூச்சம். ஆயத்தை மனனமாக ஓதத் தெரிந்தும், அதன்படி தன் பங்கை ரூபாயில் சொல்லத் தெரியாமல் நிற்கிறாள். ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதி, 'கணக்குப்படி இவ்வளவு வருகிறது, காக்கா' என்று பணிவோடும் உறுதியோடும் அவளால் சொல்ல முடியுமானால், உரிமை கேட்பதற்குரிய பாதித் துணிவு அவளுக்கு வந்துவிடும். அதே வகுப்பில் அமர்ந்து அதே கணக்கைப் போட்ட அண்ணனும், நாளை தங்கையின் ஹக்கை மறைக்க நாணுவான்.

பெற்றோர்களே, உங்கள் மஹல்லா மதரஸாவின் உஸ்தாதிடமும் ஜமாஅத் நிர்வாகத்திடமும் இதைப் பற்றிப் பேசுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு தராசு, சில அட்டைகள், இவ்வளவே தேவை. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இந்த வகுப்பு சமமாக நடக்கட்டும்.

பயனுள்ள கல்வியையும், பிறர் உரிமையைப் பேணும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.