ஆறு அரசியரும் ஓர் ஊதுகொம்புக்காரனும்

2017ஆம் ஆண்டுக் கோடையில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இசை நாடகச் சங்கத்தைச் சேர்ந்த மாணவர் சிலர் புதிய சரித்திர இசை நாடகமொன்றை எடின்பரோ நகருக்குக் கொண்டுசென்றனர். நாடகத்தின் பெயர் 'சிக்ஸ்'. தமிழிற் சொன்னால் 'ஆறு'. எழுதியோர் டோபி மார்லோ, லூசி மொஸ் என்னும் இருவர். எழுதிய காலத்தில் இருவரும் இறுதியாண்டு மாணவர். முன்னவர் ஆங்கில இலக்கியமும் பின்னவர் வரலாறும் பயின்றவர்கள். ஐந்தாண்டுகள் கழித்து, 2022இல், அதே நாடகத்தின் இசைக்காகவும் பாடல்களுக்காகவும் அவ்விருவரும் அமெரிக்க அரங்கின் உயர்ந்த விருதாகிய டோனி விருதைப் பெற்றனர்.

இதனை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போவது எளிது. அதற்காக நாம் எழுத முன்வரவில்லை. மாணவர் சரித்திரத்தை மேடையேற்றும்போது எவருடைய சரித்திரத்தை ஏற்றுகின்றனர்? அதனை ஏற்றி வைக்கும் கைகள் எவருடையவை? இவ்விரு வினாக்களையும் எழுப்பவே முன்வந்தோம்.

முதலில் நாடகத்தின் பொருளைச் சொல்வோம். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி 1509 முதல் 1547 வரை ஆண்டவன். நல்லூரில் முதலாம் சங்கிலி ஆண்ட காலத்தவன். ஆறு பெண்களை மணந்தான். இருவரைத் தள்ளி வைத்தான். இருவரின் தலையை வெட்டுவித்தான். ஒருத்தி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டாம் நாள் மாண்டாள். ஒருத்தி அவனுக்குப் பின்னும் உயிர் வாழ்ந்தாள். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் இந்த ஆறு முடிவுகளையும் வாய்ப்பாடுபோல மனனம் செய்வர். பெண்களின் வாழ்வு அங்கே ஆளுக்கு ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகின்றது. 'ஆறு' நாடகம் அந்தச் சுருக்கத்தை எதிர்த்து எழுந்தது. ஆறு அரசியரும் இக்காலப் பாடகியராக ஒரே மேடையில் நின்று, தம்முள் அதிகம் துன்புற்றவள் எவள் என்று போட்டியிட்டுப் பாடுகின்றனர். இறுதியில் அப்போட்டியே இழிவானது என்று உணர்ந்து அதனைக் கைவிடுகின்றனர். ஹென்றி மேடைக்கு வருவதேயில்லை.

இதனைக் கேட்டவுடன் 'சரித்திரம் கெட்டது' என்று முகஞ்சுளிக்கும் பண்டிதர் உளர். அவர்களை நாம் கேட்கின்றோம்: எது கெட்டது? ஐந்தாம் மனைவியாகிய கதரின் ஹவார்ட்டை ஒழுக்கங்கெட்டவள் என்றே பன்னெடுங்காலம் எழுதி வந்தனர். சிறுமியாயிருந்தபோதே இசை கற்பிக்க வந்தவன் அவளிடம் முறைகேடாக நடந்தான் என்பதும், 1542 பெப்ரவரியில் தலை வெட்டுண்டபோது அவளுக்கு ஏறத்தாழ இருபது வயதே என்பதும் ஏடுகளில் இருந்தவைதாம். அவற்றைத் தலைகீழாக வாசித்தவர் பண்டிதர். நேராக வாசித்தவர் மாணவர். ஆறாம் மனைவி கதரின் பார் 1545இல் தன் பெயரிலேயே ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவள். 'உயிர் தப்பியவள்' என்ற ஒரு சொல்லுக்குள் ஒரு நூலாசிரியையை அடக்கியது எந்தச் சரித்திர நேர்மை? இவ்விடயத்தில் நாம் மாணவர் பக்கமே நிற்கின்றோம்.

இனி, இந்நாடகத்தை ஆக்கிய கூட்டத்தாரைப் பார்ப்போம். எடின்பரோவின் விளிம்பு விழா, 1947இல் அழைப்பின்றியே வந்து நாடகம் போட்ட எட்டுக் குழுக்களால் தொடங்கியது. அழையாதார் அமைத்த அந்த மேடையிலேதான் மாணவரின் நாடகம் முதன்முதல் ஆடப்பட்டது. லூசி மொஸ்ஸும் ஜேமி ஆர்மிட்டேஜும் நெறிப்படுத்தினர். நாடகம் தொழில்முறை அரங்குக்குச் சென்றபின், கரி ஆன் இங்ரூயில் நடனம் அமைத்தார்; டொம் கரன் வாத்திய இசையை ஒழுங்குபடுத்தினார்; காப்ரியெல்லா சிலேட் உடையமைத்து 2022இல் அதற்கென டோனி விருதும் பெற்றார். வாத்தியம் இசைப்போர் நால்வரும் பெண்கள். அவர்களை மேடைக்கு முன்னுள்ள குழியில் மறைத்து வைக்காமல், அரசியரின் தோழியர் என்று பெயர் சூட்டி மேடையிலேயே நிறுத்தினர். ஆக, உழைப்பவரைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் எண்ணம் இக்கூட்டத்தாரிடம் இருந்தது. அதனை மனமுவந்து பாராட்டுகின்றோம்.

பாராட்டியபின்னர்தான் எமது வழக்கைத் தொடுக்கின்றோம். மன்னனை மேடையினின்று இறக்கிய இம்மாணவர், அரண்மனையை விட்டு வெளியே வந்தார்களா? வரவில்லை. சரித்திரத்தின் நாயகராக மன்னன் இருந்த இடத்தில் அரசியர் அமர்ந்தனர். வாசலில் நின்றவர் வாசலிலேயே நிற்கின்றனர்.

சான்று காட்டுவோம். 1511 சனவரியில் அரசி அரகன் கதரின் ஓர் ஆண்மகவைப் பெற்றாள். அதனைக் கொண்டாட அடுத்த மாதம் வெஸ்ட்மின்ஸ்டரில் பெரும் போட்டி விழா நடந்தது. அவ்விழாவை நீண்ட சுருளொன்றில் ஓவியமாகத் தீட்டி வைத்தனர். குதிரைமீது கொம்பூதிச் செல்லும் இசைக் கலைஞரிடையே தலைப்பாகை அணிந்த கறுப்பினத்தவன் ஒருவன் அதிலே காணப்படுகின்றான். அவன் பெயர் ஜோன் பிளாங்க். ஏழாம் ஹென்றியின் கணக்கேட்டில் அவனுடைய நாட்கூலி 8 பென்ஸ் எனப் பதிந்துள்ளது. எட்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்தபின், இக்கூலி போதாது, மற்றக் கொம்பூதிகளுக்கு உள்ளவாறு தனக்கும் வேண்டும் என்று அவன் மனுக் கொடுத்தான், இரட்டிப்பாகப் பெற்றான். எத்தனை பெரிய நாடகம் இது! அரண்மனையின் நடுவே நின்று ஒரு தொழிலாளி கூலி உயர்வு கேட்கின்றான், வெல்கின்றான். பாட்டுக்கு இதைவிடப் பொருள் வேண்டுமா? அவன் இசைக் கலைஞனுங்கூட!

இன்னொருவன் மார்க் ஸ்மீட்டன். ஆன் போலினின் வீட்டில் வாத்தியம் இசைத்தவன். அரசியோடு தகாத உறவு கொண்டான் என்று 1536இல் குற்றஞ்சாட்டப்பட்ட ஐவருள், உயர்குடியிற் பிறவாதவன் அவன் ஒருவனே. குற்றத்தை 'ஒப்புக்கொண்டவனும்' அவன் ஒருவனே. எளியவனிடமிருந்து ஒப்புதல் எவ்வாறு பெறப்பட்டிருக்கும் என்பதை இந்நாட்டு வாசகருக்கு நாம் விளக்கத் தேவையில்லை. மே 17ஆம் நாள் அவன் தலை விழுந்தது. 19ஆம் நாள் ஆனின் தலை விழுந்தது. அரசிக்குப் பாட்டுண்டு, அவளுக்காக இசைத்து அவளுக்காகவே மாண்டவனுக்குப் பாட்டில்லை.

கிளீவ்ஸ் ஆனின் பாட்டு, மணமுறிவுக்குப் பின் அவள் பெற்ற செல்வ வாழ்வைக் களியாட்டமாகக் கொண்டாடுகின்றது. அவளுக்குக் கிடைத்தவற்றுள் கலைக்கப்பட்ட மடங்களின் நிலங்களும் உண்டு. 1536 முதல் 1540 வரை ஏறத்தாழ 800 மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்தை முடி பறித்தது. 1536இல் வட இங்கிலாந்து மக்கள் பல்லாயிரவராய்த் திரண்டு எழுந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ரொபர்ட் ஆஸ்க் அடுத்த ஆண்டு யோர்க் நகரில் தூக்கிலிடப்பட்டான். தனக்கு நீதி கேட்டுப் பாடும் அரசி, தன் வருவாய் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரியேனும் பாடலாகாதா?

'எண்பது நிமிட நாடகத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா?' என்பர். எல்லாவற்றையும் சொல்லுமாறு நாம் கேட்கவில்லை. வாத்தியக்காரப் பெண்களை மேடையில் நிறுத்தியவர்கள், அவர்களுக்கு ஒரு பாட்டையும் கொடுத்திருக்கலாம் என்கின்றோம். 'எளியவரைப் பற்றிச் சான்றில்லை' என்பர். சான்று கணக்கேட்டில் இருக்கின்றது; ஓவியச் சுருளில் இருக்கின்றது; வழக்கு ஏட்டில் இருக்கின்றது. தேடும் கண்தான் வேண்டும். பெண்களைப் பற்றியும் சான்றில்லை என்றே ஒரு காலத்திற் சொன்னார்கள் அல்லவா?

இரண்டாவது வினா எஞ்சியுள்ளது. எடின்பரோவில் முதன்முதல் அரசியராக நின்று அந்நாடகத்துக்கு உயிரூட்டியோர் மாணவியர். தொழில்முறை அரங்கு அதனை வாங்கியபோது நாடகம் சென்றது; அவர்கள் செல்லவில்லை. பின்வந்த நடிகையரின் ஆற்றலை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் ஒரு நாடகம் எழுதியவரின் ஏட்டில் மாத்திரம் பிறப்பதில்லை, ஒத்திகையில் பிறக்கின்றது. அங்கே குரலும் மூச்சும் கொடுத்தவரை உலகம் எளிதில் மறந்துவிடுகின்றது. சந்தையின் இயல்பு அது. 2020 மார்ச் 12ஆம் நாள் இந்நாடகம் நியூயோர்க்கில் தொடங்கவிருந்தது; அதே நாளில் பெருந்தொற்றினால் அரங்குகள் யாவும் மூடப்பட்டன. 2021 ஒக்டோபர் 3ஆம் நாளே அது தொடங்கிற்று. அந்த இடைக்காலத்தில் நாடகத்தின் புகழ் அழியவில்லை. அரங்கத் தொழிலாளரின் கூலியே நின்றது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! எமது பாடசாலை மேடைகளிலும் ஆண்டுதோறும் சரித்திர நாடகங்கள் ஏறுகின்றன. அட்டைக் கிரீடமும் சரிகைத் துணியும் தேடி அலைகின்றோம். அரசனுக்கு ஆறு பக்க வசனம் எழுதுகின்றோம். வேலேந்தி நிற்கும் காவலாளிக்கு 'உத்தரவு பிரபு' என்ற ஒரு வாக்கியத்தையே கொடுக்கின்றோம். பெரும்பாலும் அக்காவலாளி வேடம் வகுப்பின் ஏழைப் பிள்ளைக்கே போய்ச் சேருகின்றது. கேம்பிரிட்ஜ் மாணவரைக் குறைகூற எமக்குள்ள உரிமை, இதனை நாம் மாற்றும் அளவுக்கே செல்லும்.

அவர்கள் ஓரடி வைத்தனர், துணிவான அடி. அடுத்த அடியை அவர்களே வைக்கவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை நாடகம் எழுத அமரும்போது காவலாளியின் பெயர் என்ன, அவனுடைய நாட்கூலி என்ன என்ற கேள்விகளை முதலில் எழுதிக்கொள்வோம். விடை தேடிச் செல்லும் மாணவன் எழுதும் நாடகத்திலே காவலாளியும் வாய் திறந்து பேசுவான். நாடகம் முடிந்ததும் திரை இழுத்தவன் வரை அனைவரின் பெயரையும் மேடையில் வாசிப்போம்.