பெருமையா, பகட்டா?



சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத் தலைவருக்கு ஆளுயர மாலை போட்டோம். பொன்னாடைகள் எத்தனை என்று எண்ணி முடிக்கவில்லை. வாழ்த்துரைகள் இரண்டு மணி நேரம் நீண்டன. பிறகு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாயின் மகள் பத்துக் குறள்களைப் பிழையின்றி ஒப்பித்தாள். கைதட்டினோம். இறங்கி வந்தவளின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். அத்தனை குறளும் கன்னட எழுத்தில்! தாய் சொல்லச் சொல்ல, தெரிந்த எழுத்தில் எழுதிக்கொண்டாளாம்.

அந்தத் தாளில் இருந்தது பெருமை. மேடையில் நாம் நடத்தியது பகட்டு. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லிப் பழகிவிட்டோம். திருக்குறளின் 98ஆம் அதிகாரத்துக்கே 'பெருமை' என்றுதான் பெயர். அங்கே வள்ளுவர் பெருமைக்குப் பணிவை அடையாளமாகச் சொல்கிறார். தன்னைத்தானே வியந்துகொள்வதைச் சிறுமை என்கிறார். சால்வைக்கு அங்கே இடமில்லை!

அதே வள்ளுவருக்கு இங்கே, பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில், 1991இல் சிலை வைத்தோம். திறக்க முடியாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று கலைஞர் கருணாநிதி திறந்துவைத்தார்; கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருந்தார். நான்கே நாளில், ஆகஸ்டு 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞருக்குச் சிலை திறக்கப்பட்டது. மூன்றடிப் பாடல்களில் ஊருக்கு அறம் சொன்னவர் அவர்.

முதல் சிலையைப் பற்றி நம்மவர்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள். இரண்டாவதைக் கேட்டால் விழிப்பார்கள். என்னைக் கேட்டால், நாம் நெஞ்சை நிமிர்த்த வேண்டியது அந்த இரண்டாவதற்குத்தான். அடுத்தவன் புலவனுக்கு நம் தலைநகரில் இடம் கொடுக்க மனம் வந்ததே, அதற்கு!

இவ்வளவு பேசும் நம்மிடம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு இருக்கிறதா? இருந்தது. ஆசிரியருக்குப் பேருந்துக் கட்டணம் கொடுக்க நிதி இல்லை என்று நிறுத்தினோம். மாலைக்கு நிதி இருந்தது.

வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன்: ஓராண்டுக்கு மாலை, பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்தில் அரிச்சுவடியும் ஆசிரியருக்குச் சம்பளமும். எதிர்ப்பவர்கள் தாராளமாக எழுந்து காரணம் சொல்லலாம். அந்தச் சிறுமியையும் அவள் தாயையும் முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்.