ஊருக்கு நூறு முருகன் கடை, இணையத்தில் ஒன்றே ஒன்று!



கண்டமங்கலத்தில் பஸ் ஏறி விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் ஜன்னல் வழியாக எண்ணிப் பாருங்கள். முருகன் பெயரில் டீக்கடை, முருகன் பெயரில் ஹார்டுவேர்ஸ், முருகன் பெயரில் உரக்கடை... யாரும் யார் மீதும் வழக்குப் போடுவதில்லை. அந்தக் கடை அந்த ஊருக்கு, இந்தக் கடை இந்த ஊருக்கு. அவ்வளவுதான்.

இணையத்தில் இது நடக்காது. ஒரு டொமைன் பெயர் உலகம் முழுக்க ஒருவருக்குத்தான். முதலில் வந்து பணம் கட்டியவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு யாருடைய டிரேட்மார்க் என்று பதிவு செய்து தரும் கம்பெனி பார்ப்பதில்லை. சண்டை அங்கேதான் ஆரம்பம்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படையான தீர்ப்பு சென்னைக் கம்பெனி ஒன்றின் வழக்கில் வந்தது. ஐவே பிரவுசிங் சென்டர்கள் ஞாபகம் இருக்கிறதா? அவற்றை நடத்திய சத்யம் இன்ஃபோவே, தன் பெயரின் எழுத்துகளைச் சேர்த்து 'சிஃபி' என்று ஒரு புதுச்சொல்லை உருவாக்கி, 1999-இல் சிஃபிநெட் டாட் காம் உள்ளிட்ட பெயர்களைப் பதிவு செய்தது. 2001-இல் இன்னொரு நிறுவனம் அதே பெயரில் ஓர் 'எஃப்' மட்டும் கூடுதலாகப் போட்டுப் பதிவு செய்தது. கேட்டால், எங்கள் நிறுவனர்கள் ஐந்து பேரின் முதலெழுத்துகள் என்றார்கள்!

பெங்களூரு சிவில் நீதிமன்றம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. கர்நாடக உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004 மே 6-ஆம் தேதி உச்சநீதிமன்றம் மறுபடி தடை போட்டது. முதலெழுத்துக் கதையை அது நம்பவில்லை. டொமைன் பெயருக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லாவிட்டாலும், அடுத்தவர் பெயரில் தன் சரக்கை விற்று ஏமாற்றக் கூடாது என்ற பழைய சட்டநெறி இதற்கும் பொருந்தும் என்றது. சரியான தீர்ப்பு. அடுத்தவன் உழைப்பில் சம்பாதித்த நல்ல பெயரைத் திருடுவதும் திருட்டுதான்.

ஆனால் திருடனுக்குப் போகும் அதே நோட்டீஸ் அப்பாவிக்கும் போகிறதே, அதுதான் என் பிரச்சினை.

கனடாவில் மைக் ரோ என்ற 17 வயது மாணவன் தன் பெயரோடு 'சாஃப்ட்' சேர்த்து 2003-இல் ஒரு தளம் தொடங்கினான். மைக்ரோசாஃப்ட் வக்கீல்கள் அதைக் கேட்டு, பதிவுச் செலவு 10 டாலர் தருகிறோம் என்றார்கள். கடுப்பில் பையன் 10,000 டாலர் கேட்டான். உடனே, பணம் பறிக்கத்தான் பெயரைப் பிடித்தாய் என்று குற்றச்சாட்டு. கடைசியில் 2004-இல் சமரசமாகி, பெயரைக் கொடுத்துவிட்டு ஓர் எக்ஸ்பாக்ஸ் வாங்கிக்கொண்டான் :-)

அமெரிக்காவில் உஸி நிஸான் தன் சொந்தக் குடும்பப் பெயரை 1994-இல் பதிவு செய்தார். 1999-இல் கார் கம்பெனி ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. பெயர் அவரிடமே தங்கியது, ஆனால் வழக்கு பல வருடங்களைத் தின்றுவிட்டது.

நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்க 1999-இலேயே ஐகான் அமைப்பு ஒரு விதிமுறை கொண்டுவந்தது. பெயர் குழப்பும்படி ஒத்திருக்க வேண்டும், வைத்திருப்பவருக்கு நியாயமான உரிமை இருக்கக் கூடாது, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்தியும் இருக்க வேண்டும். புகார் கொடுப்பவர் இந்த மூன்றையும் நிரூபிக்க வேண்டும். நம் 'டாட் இன்' விதிமுறையிலோ கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்திருந்தாலும் போதும், பயன்படுத்தினாலும் போதும். ஓர் 'உம்' போய் 'அல்லது' வந்ததில் சின்னவனுக்குப் பாதுகாப்பு குறைந்துவிட்டது.

இன்னொன்று. பெரிய கம்பெனி அநியாயமாகப் பெயரைப் பிடுங்கப் பார்த்தால், ஐகான் முறையில் நடுவர் அதைத் தீர்ப்பில் எழுதுவார். அபராதம் கிடையாது. தோற்றால் சின்னவனுக்குப் பெயர் போகும், பெரியவனுக்கு ஒன்றும் போகாது. இது என்ன பந்தயம்? பொய்ப் புகார் கொடுத்தவன், எதிராளியின் செலவையாவது கட்டட்டும் என்பதே என் கருத்து.

நம் டிரேட்மார்க் சட்டம் (1999) இந்த விஷயத்தில் பரவாயில்லை. சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதை 35-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டுபவர் மீதே நஷ்டஈடு கேட்க 142-ஆம் பிரிவு வழி தருகிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆகவே நண்பர்களே, பெயர் பதிவதற்கு முன் டிரேட்மார்க் பதிவேட்டின் தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள், அது இலவசம்தான். அந்தப் பெயரை ஏன் வைத்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்தால் கோபத்தில் விலை மட்டும் சொல்லாதீர்கள், அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். பயந்து போய்த் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். ஐகான் முறையில் பதில் சொல்ல 20 நாள் இருக்கிறது. பதிலே சொல்லாமல் இருந்தால்தான் பெரும்பாலும் பெயர் கைவிட்டுப் போகிறது.