கைக்கு மார்க் போடுகிறவர்கள்

தோழர்களுக்கு,

இதழ் இந்தமுறையும் தாமதம். கடிதம் எழுதித் திட்டியவர்களுக்கு நன்றி. திட்டுவதற்காவது நாலு பேர் இருக்கிறீர்கள் என்பது ஒரு தெம்பு. காரணம் வழக்கம்போலப் பணம்தான். ஆனால் இந்தமுறை அந்தப் பணம் எங்கே போனது என்று சொல்லியாக வேண்டும். இந்தத் தலையங்கமே அதைப் பற்றியதுதான்.

அச்சகத்துக்கு முன்பணமாக எடுத்து வைத்திருந்ததில் ஆறாயிரம் ரூபாயை எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டேன். பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறாள். அவள் அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவர். "இன்டர்ன்ஷிப் போனாத்தான் கிரெடிட்டாம்ணா. சர்ட்டிபிகேட் வைக்கலன்னா டிகிரியே நின்னு போயிடுமாம்" என்று வந்து நின்றாள். எங்கே போகணும் என்றேன். சென்னையில் ஒரு கம்பெனி என்றாள். எவ்வளவு கொடுப்பார்கள் என்றேன். சிரித்துவிட்டாள். "அவங்க இன்னாத்துக்குண்ணா குடுக்கப் போறாங்க? நாமதான் கட்டணும்."

வேலை செய்யப் போகிறவள் வேலை கொடுக்கிறவனுக்குக் கூலி கொடுக்கிற அதிசயத்தை அன்றுதான் கேட்டேன். கட்டினாள். பதினைந்து நாள் செல்போனில் வீடியோ காட்டினார்கள். முடிவில் சான்றிதழ் வந்தது, 'நேரடி அனுபவம் பெற்றார்' என்று பளபளப்புக் காகிதத்தில். ஒரு திருகாணியைக்கூட அவள் தொடவில்லை. அவள் வகுப்பிலேயே இரண்டு பையன்கள் நிஜமாகவே ஆலைக்குள் போனார்கள். ஒருத்தனுக்குச் சித்தப்பா அங்கே மேனேஜர். இன்னொருத்தனின் அப்பாவுக்கு முதலாளி சிநேகிதர். மிஷினைத் தொட்டார்கள், தப்புப் பண்ணினார்கள், திட்டு வாங்கினார்கள், கற்றுக்கொண்டார்கள். ஒருத்தனைப் படிப்பு முடிந்ததும் வரச்சொல்லிவிட்டார்களாம். பல்கலைக்கழக ஏட்டில் மூன்று பேருக்கும் ஒரே கிரெடிட்தான்.

இது ஏமாற்று என்று பேங்க் குமாஸ்தாவான எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் அவளுடைய நாலு வருஷப் படிப்பு ஒரு காகிதத்துக்காக நின்றுபோயிருக்கும். அந்தக் குற்ற உணர்வோடுதான் எழுதுகிறேன்.

புத்தகம் மட்டும் போதாது, செய்து கற்க வேண்டும், அப்போதுதான் வேலைக்குத் தயாராவார்கள் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது, பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன, கம்பெனிகள் சொல்கின்றன. சரியான பேச்சுத்தான். நான் மறுக்கவில்லை. யாருடைய கை எதைத் தொட விடப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

நான் 2007 முதல் 2010 வரை பி.எஸ்சி. வேதியியல் படித்தவன். ஆய்வகத்தில் நாலு பேருக்கு ஒரு பியூரெட். பியூரெட் பிடிக்கிற கை முதல் வாரமே முடிவாகிவிட்டது. அது என் கை இல்லை. "நீ நல்லா கழுவுறடா" என்று பாராட்டிப் பாராட்டி மூன்று வருஷமும் என்னைக் கண்ணாடிக் குடுவை கழுவ வைத்தார்கள். ரீடிங்கை அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதினேன். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார். டேனரியில் என்றேன். அதன்பிறகு அவர் வேதியியலில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாஸ் மார்க் போட்டு அனுப்பினார்.

இதில் கொடுமை என்னவென்றால், என் நைனா செய்த வேலைதான் வேதியியல். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போடுவது, முடி கழற்றுவது, அமிலத்தில் போடுவது, குரோமிய உப்பில் பதனிடுவது. அதே குரோமியத்தின் இன்னோர் உப்பான டைகுரோமேட்டை வைத்துத்தான் எங்கள் ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கரைசலுக்கும் வீட்டில் சோறு பிசையமுடியாமல் வெடித்துக்கிடந்த கைகளுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. "சுண்ணாம்பு போதும்னு எப்படித் தெரியும் நைனா?" என்று பின்னாளில் கேட்டேன். "தேய்ச்சா முடி கையோட வரணும்டா. வந்துச்சின்னா எடுத்துடணும். விட்டா தோலு போயிடும்." இதுவும் ஒரு ரீடிங்தான். எந்த நோட்டிலும் ஏறாத ரீடிங்.

நான் உண்மையாகச் செய்து கற்றது பேங்கில்தான். 2012இல் சேர்ந்த முதல் நாள், ஒரு வயதான கேஷியர் என் கையில் ஒரு கட்டு நோட்டைக் கொடுத்து, "கண்ணை மூடிக்கிட்டு எண்ணுப்பா, கள்ளநோட்டு கைக்குத் தெரியும்" என்றார். தெரியவில்லை. ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. இரண்டு தடவை கேஷ் குறைந்து என் பாக்கெட்டிலிருந்து கட்டினேன். ஆறு மாதத்தில் கவுண்டர் என்னுடையதாகிவிட்டது. கற்றேன், சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றேன். இடஒதுக்கீடு முதலில் நாற்காலியைக் கொடுத்தது. நாற்காலி கிடைத்தபின் கை தானாகப் படிந்தது. நமக்குத் திறமை இல்லை என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: திறமை தொட விட்டால் வரும்.

இந்த நாட்டின் உயர்கல்வியில் 'தொடுதல்' எப்படித் தொடங்கியது தெரியுமா? கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836இல் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்துப் பார்த்தார். பிணத்தைத் தொடாத சாதிக்காரர் கத்தியெடுத்த அந்தத் துணிச்சலுக்காகக் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்று சொல்வார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பிணத்தைத் தூக்கிய டோம்களுக்கு, இன்றைக்கும் பிணவறையில் அறுத்துக் கொடுத்துவிட்டு டாக்டர் எழுதுவதை ஓரமாக நின்று பார்க்கிற நம்மாட்களுக்கு, எந்தக் கோட்டையில் வெடி போட்டார்கள்? ஒரே செயல் ஒரு கைக்குக் கல்வி, இன்னொரு கைக்குத் தீட்டு.

அதனால்தான் 'கைத்தொழிலோடு கல்வி' என்று யாராவது பேச்செடுத்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம்தான், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து இந்த மண் அதை எதிர்த்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைத் தூக்கியெறிந்தார்.

அப்படியென்றால் நாம் தொழில் கற்பதற்கு எதிரிகளா? இல்லை. 1942இல் வைஸ்ராய்க்குக் கொடுத்த மனுவில் அம்பேத்கர் கேட்டவற்றில் ஒன்று, அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழில் பழகுநர் இடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ராஜாஜியின் திட்டம் பிள்ளையை அப்பனுடைய பட்டறைக்கே திருப்பி அனுப்பியது. அம்பேத்கர் கேட்டது அப்பன் நுழையமுடியாத பட்டறையின் கதவை.

இன்றைய இன்டர்ன்ஷிப் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம். அப்பன் தொழிலை அது திணிக்கவில்லை. அப்பனுக்கு யாரைத் தெரியும் என்று கேட்கிறது. பரிந்துரைக்க ஒரு மாமா, சென்னையில் தங்க ஒரு வீடு, சம்பளமில்லாமல் மூன்று மாதம் சாப்பிட வசதி, இவைதான் எழுதப்படாத தகுதிகள். சாதி என்ற வார்த்தையே வராமல் சாதி தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

நடப்பதில் நல்லதும் உண்டு, சொல்லத்தான் வேண்டும். தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் திறன் பயிற்சியைக் கொண்டுபோனது. ஒன்றிய அரசு 2024இல் பெரிய கம்பெனிகளில் இன்டர்ன்ஷிப் என்று திட்டம் அறிவித்து மாதம் ஐயாயிரம் தருவதாகச் சொன்னது. ஐயாயிரத்தில் சென்னையில் ஒரு பெண் எங்கே தங்குவாள், என்ன சாப்பிடுவாள் என்பதை அறிவித்தவர்களே சொல்லட்டும்.

தேர்வறைக்குள்ளும் இதே கதைதான். டில்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. அங்கே படித்த தலித், பழங்குடி மாணவர்கள் செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நியாயமாக மார்க் போடுவதில்லை என்று சொன்னார்கள். எழுத்துத் தேர்வில் தாளுக்கு முகமில்லை. செய்முறையில் முகம் தெரியும், பேர் தெரியும், ஊர் தெரியும். செய்முறையின் மதிப்பைக் கூட்டக்கூட முகம் பார்த்து மார்க் போடுகிறவரின் அதிகாரமும் கூடும்.

இன்னொரு வேடிக்கை. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு 'நடைமுறைப் பேராசிரியர்' என்று ஒரு பதவியை அறிவித்தது. பட்டம் கட்டாயமில்லை, தம் துறையில் பதினைந்து வருஷ அனுபவம் இருந்தால் வகுப்பெடுக்கலாம். படித்ததும் எனக்கு நைனா ஞாபகம்தான் வந்தது. அவருக்கு முப்பது வருஷ அனுபவம். அடுத்த வரியில் இருந்தது: உயர்பதவி அனுபவம் விரும்பத்தக்கது. அடையாறில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பும் உண்டு. முப்பது வருஷம் குழியில் நின்றவனை அங்கே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, மணிக்கணக்குக்குச் சம்பளம் கொடுத்துப் பேசச்சொன்னால் தோல் கெட்டுவிடாது.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை இவை.

ஒன்று, மார்க்கோ கிரெடிட்டோ உள்ள எந்த இன்டர்ன்ஷிப்பும் சம்பளமில்லாமல் இருக்கக்கூடாது. மாணவரிடம் பணம் வாங்குகிறவனின் சான்றிதழைப் பல்கலைக்கழகம் செல்லாது என்று அறிவிக்கவேண்டும்.

இரண்டு, இடம் பிடிப்பது மாணவரின் பொறுப்பு என்று தள்ளிவிடக்கூடாது. கல்லூரியே இடம் பிடித்து, பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, சுழற்சி முறையில் ஒதுக்கவேண்டும். தொழில் பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்குவது அதில் சட்டமாகவே இருக்கிறது. பட்டறைக்குப் பொருந்துவது கம்பெனிக்கு ஏன் பொருந்தாது?

மூன்று, செய்முறைத் தேர்வுக்கு இரண்டு தேர்வாளர். எதற்கு எத்தனை மார்க் என்று பிரித்து எழுதிக் காட்டவேண்டும். அப்பா என்ன பண்றார் என்ற கேள்விக்குத் தடை.

நான்கு, ஆய்வகத்தில் எல்லாக் கையும் பியூரெட் பிடிக்கவேண்டும், எல்லாக் கையும் குடுவை கழுவவேண்டும்.

போனவாரம் அந்தப் பெண் வந்தாள். "ஆறாயிரத்தை எப்பண்ணா திருப்பித் தரணும்?" என்றாள். எனக்கு வேண்டாம், வாங்கினவனைக் கேள் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் வகுப்பில் இதேமாதிரி பணம் கட்டியவர்கள் பதினோரு பேர் இருக்கிறார்களாம். எல்லோரிடமும் ரசீதை வாங்கிச் சேர்த்து, பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதிவிட்டாள். தமிழ் சரியா பாருங்கண்ணா என்று என்னிடம் நீட்டினாள். இரண்டு ஒற்றுப்பிழை திருத்தினேன். மற்றபடி நான் சேர்க்க ஒன்றுமில்லை.

அந்த மனுவில் பன்னிரண்டு கையெழுத்து இருக்கிறது. உங்கள் ஊரில் இப்படிக் கட்டியவர்கள் இருந்தால் ரசீது நகலோடு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அச்சாகும். அதுவும் தாமதமாகத்தான் வரும், ஆனால் வரும்.

தோழமையுடன்,
ஆசிரியர்