முதலில் கதவைக் கழற்றுங்கோ

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "காருக்கு செற் போட்டாச்சு" என்று சொன்னால், டிக்கியைத் திறந்துதான் காட்டுவார். உள்ளே ஒரு பெட்டி, பெட்டியில் 12 அங்குல சப், பக்கத்தில் நீல லைற் எரியும் ஓர் அம்ப். அம்பின் முதுகில் 1000 வாட் என்றோ 2000 வாட் என்றோ பெரிதாக எழுதியிருக்கும். முன் கதவில் என்ன ஸ்பீக்கர் என்று கேட்டால், "அது காரோட வந்ததுதான்" என்பார். காசு முழுக்க டிக்கிக்குள் போயிருக்கும். பாடுகிறவரின் குரல் மட்டும் இன்னும் தகரப் பேணிக்குள் இருந்து வரும்.

குறைந்த காசில் காரின் சத்தத்தைத் திருத்த நினைக்கிறவர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் சப். பலருக்கு அது தேவையே இல்லை. முதல் காசு போக வேண்டிய இடம் முன் கதவு.

இதைக் காசுக்காரர் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து வருசமும் குடாநாட்டில் ஓடியது ஏற்கெனவே இருந்த அல்ட்டோ, வகன் ஆர், விற்ஸ், பழைய வான்கள்தான். மாமாவிடம் இருந்து அண்ணனுக்கு, அண்ணனிடம் இருந்து தம்பிக்கு என்று கை மாறிய கார்கள். இடையில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. வெளிநாட்டில் இருந்து வருகிற எந்தச் சாமானின் விலையும் பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஹயருக்கு ஓடுகிற பொடியன் ஒருவன் ஒரு மாச உழைப்பைக் கொண்டுபோய்க் கடையில் கொடுக்கிறான். அந்தக் காசுக்கு அவன் காதுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கத்தானே வேணும்?

நேராக யப்பானில் இருந்து வந்த பழைய கார் என்றால் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. அவர்களுடைய எஃப்.எம். 76 மெகா ஹேட்ஸில் தொடங்கி 90 இல் முடியும். பிற்காலத்தில் 95 வரை நீட்டினார்கள். எங்களுடையது 88 இல் இருந்து 108 வரை. அதனால் காரோடு வந்த றேடியோவில் எங்களுடைய அலைவரிசைகளில் அரைவாசிக்கு மேல் அகப்படாது. பாண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டிச் சமாளிப்பார்கள். இரைச்சலும் சேர்ந்துதான் வரும். அதோடு பற்றறியை ஒருக்கால் கழற்றிப் பூட்டினால் சில ரொயோட்டா செற்கள் யப்பான் எழுத்தில் இரகசிய இலக்கம் கேட்டுக்கொண்டு பூட்டுப்பட்டு நிற்கும். இந்த இடத்தில் மட்டும் புது செற் வாங்குவதை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் சத்தத்துக்கு வாங்குங்கோ, திரைக்கு வாங்காதையுங்கோ.

இனி வாட் கதை. நான் கலைப்பீடம், பௌதிகத்தை ஓ.எல். விஞ்ஞானத்தோடு விட்ட ஆள். இந்தக் கணக்குக்கு அது காணும். ஓடுகிற காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.4 வோல்ற். வழக்கமான ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4 ஐ அதே எண்ணால் பெருக்கி 4 ஆல் பிரித்தால் 51.8 வரும். செற் பெட்டிகளில் அடித்திருக்கிற '50 வாட் x 4' பிறந்த இடம் இதுதான். பாட்டின் அலை உச்சியில் வெட்டுப்பட்டுச் சதுரமாகி, கரகரவென்று கத்தும்போதுதான் அந்த 50 கிடைக்கும். சுத்தமாகக் கிடைப்பது அதன் அரைவாசிக்கும் குறைவு. நல்ல கம்பனிக்காரர் கையேட்டின் உள்ளே எங்கேயோ சின்ன எழுத்தில் 22 வாட் என்று உண்மையைப் போட்டிருப்பார்கள்.

டிக்கி அம்பின் பொய் இன்னும் பெரிது. உண்மையாக 1000 வாட் வெளியே வரவேண்டுமென்றால் ஏறக்குறைய 100 அம்பியர் இழுக்க வேணும். கடையில் அந்த அம்பின் பியூஸைக் காட்டச் சொல்லிப் பாருங்கோ. 30 அம்பியர் பியூஸ் என்றால், தொடர்ந்து 400 வாட்டளவுக்கு மேல் உள்ளே எடுக்கவே ஏலாது. வெளியே விடுவது அதைவிடக் குறைவு. இன்னும் எங்கள் றோட்டில் ஓடுகிற மொறிஸ் மைனரின் கதை வேறு. அதில் உள்ளது 22 அம்பியர் டைனமோ. முன் லைற்றைப் போட்டாலே கணிசமான பங்கு போய்விடும். அதைவிட, மைனர் கம்பனியில் இருந்து வந்ததே பற்றறியின் பிளஸ்ஸை பொடியோடு பூட்டித்தான். இன்றைய செற்கள் எல்லாம் மைனஸ் பொடிக்குச் செய்தவை. முன்னம் ஆராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் வயர் கொடுத்தால் புது செற் புகைவிடும்.

வாட்டைக் கூட்டினாலும் காதுக்கு என்ன கூடுகிறது? வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவேண்டுமென்றால் 10 மடங்கு வாட் வேணும். ஸ்பீக்கர் பெட்டியில் 87 டெசிபல், 90 டெசிபல் என்று ஓர் இலக்கம் இருக்கும், அநேகம் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. 90 போட்ட ஸ்பீக்கர், 87 போட்டதை விட அரைவாசி வாட்டில் அதே சத்தத்தைத் தரும். அம்புக்குக் கொடுக்கவிருந்த காசு அந்த ஓர் இலக்கத்துக்குள் இருக்கிறது.

சரி, கதவு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னுக்குப் போகும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது, பின்பக்கக் காற்றை இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் ஒன்றோடொன்று சந்தித்தால் கீழ்ச்சத்தம் அடிபட்டுப் போய்விடும். எங்கள் கார்களின் கதவுக்குள் நடப்பது இதுதான். உள்தகட்டில் கை போகக்கூடிய ஓட்டைகள். அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தாள், அதுவும் முன்னம் கண்ணாடி மோட்டர் பார்த்த ஆள் பாதி கிழித்தது. பேஸ் இல்லை என்று சொல்லி சப் வாங்க ஓடுகிறவரின் பேஸ் அந்த ஓட்டைகளால்தான் ஒழுகுகிறது.

அடைக்க வேணும். பியூட்டைல் சீற் என்று இதற்கென்றே விற்கிறார்கள். ஹாட்வெயார் கடைகளில் கூரை ஒழுக்குக்கு விற்கிற, ஒரு பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய தார்ச் சீற் மலிவுதான். ஆனால் சித்திரை வெயிலில் நிற்கிற காரில் தார் இளகும், மணக்கும். எங்கள் வெக்கைக்கு பியூட்டைலே நல்லது. முழுக் கதவுக்கும் ஒட்டத் தேவையில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் வெளித்தகட்டில் ஒரு துண்டு, உள்தகட்டு ஓட்டைகள் எல்லாம் மூட மிச்சம். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கிற துவாரங்களை மட்டும் தொடக்கூடாது. கண்ணாடி றப்பரால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், அது வடிய வழியில்லாவிட்டால் கதவு உக்கும். பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கிற காருக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. ஸ்பீக்கரைப் பூட்டுகிற வளையத்தை எம்.டி.எஃப். பலகையில் வெட்டித் தருவார்கள். அது தண்ணீர் பட்டால் ஊதும். பி.வி.சி. தகட்டில் வெட்டச் சொல்லுங்கோ.

நண்பன் ஒருவனின் அல்ட்டோவுக்கு இப்படித்தான் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கதவு, ஒரு சோடி 6.5 அங்குல ஸ்பீக்கர், அரை றோல் சீற். பழைய செற்றை மாற்றவே இல்லை. கதவைச் சாத்தும்போதே வித்தியாசம் தெரிந்தது, முன்னம் டங் என்று அடித்தது இப்போது டொப் என்று சாத்துகிறது. பின்னேரம் அவனுடைய அம்மா வந்து முன் சீற்றில் இருந்து இரண்டு பழைய பாட்டுக் கேட்டார். "வரி விளங்குது" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பூட்டி முடித்தபின் பேஸ் இன்னும் குறைவாக இருந்தால், ஒரு பக்க ஸ்பீக்கருக்கு வயர் மாறிப் போயிருக்கலாம். சுவர் மணிக்கூட்டுப் பற்றறி ஒன்றை ஸ்பீக்கர் வயரில் தொட்டுப் பாருங்கோ. பிளஸ்ஸுக்கு பிளஸ் தொடும்போது கூம்பு வெளியே தள்ள வேணும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தள்ளினால் சரி. இந்தச் சோதனைக்கு ஆகிற செலவை யோசித்துப் பாருங்கோ.

அம்ப் வாங்கியே தீருவேன் என்கிறவர் வயரில் காசு பிடிக்கக்கூடாது. மலிவுப் பொதிகளில் வருகிற தடித்த சிவப்பு வயரை பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். செம்பு முலாம் பூசிய அலுமினியம். பற்றறியின் பிளஸ்ஸில் இருந்து ஒரு சாணுக்குள், கூடினால் இரண்டு சாணுக்குள் பியூஸ் இருக்க வேணும். டிக்கியில் அம்புக்குப் பக்கத்தில் பியூஸ் போட்டால் அம்ப் தப்பும். இடையில் எங்காவது தகட்டில் உரஞ்சுப்பட்ட வயர் காரை எரிக்கும்.

இவ்வளவும் சொன்னால் ஒரு கேள்வி வரும்: "மச்சான், சத்தம்தானே சுகம், நீ என்ன வாத்தியார் மாதிரி?" நியாயம்தான். ஓட்டோவுக்குள் சப் வைத்து ஓடுகிறவரை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. நாள் முழுக்க அதற்குள் இருக்கிறவருக்கு அதுதான் வீடு. 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று சொல்லி பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கியபோது சாரதிகள் கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு மனிதன் தன் காசில் செய்த அலங்காரத்தை றோட்டில் வைத்துக் கழற்றுவது சீர்திருத்தம் ஆகாது.

ஆனால் சப்பின் சத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. குரல் கண்ணாடியோடு நிற்கும். பேஸ் கதவு, மதில், சுவர் எல்லாம் தாண்டிப் போகும். காருக்குள் இருக்கிறவர் காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பங்கு ஒழுங்கையில் இருக்கிற வீடுகளுக்குப் போகிறது. அந்த வீடுகளில் ஆர் இருக்கிறார்கள்? 1990 இல் இருந்து 1995 வரை மின்சாரம் இல்லாமல் இருந்த சனம். பற்றறிகூடத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள். சைக்கிள் டைனமோ தருவது 3 வாட். அந்த 3 வாட்டைச் சுற்றி அயலே கூடியிருந்தது. அதே சனத்துக்குத்தான் ஷெல் குத்துகிற சத்தமும் தெரியும். முதலில் தூரத்தில் ஒரு அடி, பிறகு அது எங்கே வந்து விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிற அந்த இடைவெளி. இரவு பத்தரைக்கு ஒழுங்கைக்குள் ஒரு வான் திரும்பும்போது அப்பாமார் எழும்பி விறாந்தைக்கு வருவது பாட்டுப் பிடிக்காமல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி எல்லை என்று உயர் நீதிமன்றம் 2007 இல் சொன்னதை எல்லாம் இங்கே இழுக்க வேண்டியதில்லை. அப்பாவிடம் ஒருக்கால் கேட்டாலே போதும்.

உள்ளே இருக்கிறவருக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் காது 8 மணித்தியாலம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் அரைவாசியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். கண்ணாடி மூடிய சின்னக் காருக்குள் சப் அந்த அளவைச் சுலபமாகத் தொடும். கொடிகாமத்தில் இருந்து யாழ்ப்பாணம் வந்து சேரமுன் அன்றைய பங்கு முடிந்துவிடும். இன்னொன்று: 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் றெயின் திரும்பி வந்தது. பாதுகாப்புக் கதவில்லாத கடவைகளில் உயிர்கள் போனதை நாங்கள் பத்திரிகையில் வாசித்துக்கொண்டே இருக்கிறோம். கடவைக்கு முன்னால் சத்தத்தைப் பூச்சியமாக்கி, கண்ணாடியை இறக்கிக் கேட்க வேணும். கதவு போடச் சொல்லி அரசாங்கத்திடம் கேட்பது வேறு. அது போடுமட்டும் காதுதான் கதவு.

செற்றைச் சோதிக்க எல்லாரும் புதுப்படக் குத்துப்பாட்டைப் போடுகிறார்கள். அதில் எந்த ஸ்பீக்கரும் பாஸாகும். 1975 இல் காலமான யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவில் பதிவு ஒன்றைத் தேடிப் போட்டுப் பாருங்கோ. பழைய பதிவு, இரைச்சல் இருக்கும், சப்புக்கு அதில் பெரிய வேலை இல்லை. தொப்பிப் பக்கம் கழி விழுகிறது, வலந்தலைப் பக்கம் விரல் கூடு விழுகிறது. காரோடு வந்த ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்து ஒரே படபடப்பாகப் போகும். கதவு அடைத்து, நல்ல ஒரு சோடி ஸ்பீக்கர் பூட்டி, வயர் சரியாகக் கொடுத்திருந்தால் கழி வேறு, கூடு வேறு என்று பிரிந்து கேட்கும். அப்படிக் கேட்டால் அம்புக்கு வைத்திருந்த காசை வெளியே எடுக்காதையுங்கோ. முன் ரயர் இரண்டும் தேய்ந்துபோய் இருக்கும், பாருங்கோ.