பட்டியலைக் கைவிட்டவர்கள் பதில் சொல்ல வேண்டும்

ஆய்வுக் கட்டுரையை எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது? முனைவர் பட்ட மாணவரின் இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவிடம் இன்று விடை இல்லை. விடை சொல்லும் பொறுப்பையே அது உதறிவிட்டது.

கட்டுரை வெளியிட்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று பல ஆண்டுகள் விதித்திருந்தது மானியக் குழு. ஆசிரியர்களுக்கும் கட்டுரை ஒன்றுக்கு அறிவியலில் 8, கலைப் பாடங்களில் 10 மதிப்பெண் என்று 2018இல் நிர்ணயித்தது அதே குழு. எண்ணிக்கையைக் கேட்டார்கள். எண்ணிக்கை வந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் போலி ஆய்விதழ்களும் கூடவே வந்தன.

2017இல் 38,000க்கும் மேற்பட்ட ஆய்விதழ்களுக்கு ஏற்பு வழங்கினார்கள். சரிபார்க்காமல் வழங்கினார்கள். பல்கலைக்கழகங்களின் பரிந்துரையால் பட்டியலில் நுழைந்த இதழ்களை ஆய்வாளர் பூஷண் பட்வர்தன் குழுவினர் ஆராய்ந்தனர். அவற்றில் பெரும்பாலானவை தரமற்றவை என்று 2018 மார்ச்சில் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினர். அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அவற்றைப் பரிந்துரைத்தவர் யார்? கையெழுத்திட்டவர் யார்? அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

2019இல் தரமான ஆய்விதழ்களுக்கென மானியக் குழுவின் ‘கேர்’ பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். இனி கல்லூரிகளே தரம் பார்த்துக்கொள்ளட்டுமாம். ஆள் தரவில்லை. நிதி தரவில்லை. சில அளவுகோல்களை மட்டும் அனுப்பிவைத்தார்கள்.

மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரி மாணவருக்குத் தேசிய வேளாண் அறிவியல் கழகம் ஆய்விதழ்களுக்கு இடும் மதிப்பெண்ணாவது கையில் உண்டு. இதே மதுரையில் தமிழும் வரலாறும் ஆராய்பவருக்கு அதுவும் இல்லை. பன்னாட்டுத் தரவுத்தளங்களில் தமிழ் ஆய்விதழைக் காண்பதே அரிது. ‘கேர்’ பட்டியலில் தமிழ் இதழ்களுக்கு இடம் இருந்தது. அந்த வாசலும் அடைபட்டது. தமிழில் ஆராய்வோர் நிலையை ஒரு கணமாவது எண்ணிப் பார்த்தார்களா?

மாணவரின் கைப்பேசிக்கு நாள்தோறும் அழைப்பு வருகிறது. ஒரே வாரத்தில் வெளியீடு, பணம் கட்டினால் சான்றிதழ் என்கிறது. நல்ல இதழின் பெயரைத் திருடிய இணையதளம், சம்மதம் கேட்காமல் போட்ட ஆசிரியர் குழு, கற்பனையான தாக்கக் காரணி. இவற்றைக் கண்டுபிடிப்பது உதவித்தொகையில் வாழும் மாணவரின் வேலையா? ஆய்வாளர்களை ஏமாற்றியதாக, ஆய்விதழ்கள் வெளியிடும் ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. நம் மண்ணில் இருந்த நிறுவனம் அது. நம்மவர்கள் என்ன செய்தார்கள்?

நெறியாளர்களும் தப்ப முடியாது. மாணவரின் கட்டுரையில் பெயர் சேர்த்துக்கொள்ளும் கை, அது போகும் இதழின் பழைய நான்கு வெளியீடுகளைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

மானியக் குழு போலி ஆய்விதழ்களின் பெயர்களை வெளியிட்டு, அந்தப் பட்டியலைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். தமிழக உயர்கல்வித் துறை ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திலும் இதழ் சரிபார்ப்புப் பிரிவைத் தொடங்க வேண்டும். கட்டுரை அனுப்பும் முன்பே அந்தப் பிரிவு மாணவருக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். அதில் நெறியாளர் கையெழுத்திட வேண்டும். பிறகு அந்த இதழ் போலி என்று தெரியவந்தால், விளக்கம் கேட்க வேண்டியது கையெழுத்திட்டவரிடம்தான்.